யாரென்று கேட்காதவர்கள்

லண்டனின் தெற்கே சட்டனில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் ஒரு கொலை விழும். திட்டம் போடுபவர் இல்லத்தை நடத்தும் மேட்ரன். நவம்பர் பிறந்ததும் சாப்பாட்டு அறை மூலையில் உட்கார்ந்து, இந்த வருஷம் யாரைத் தீர்த்துக்கட்டலாம், எதைக் கொடுத்துத் தீர்த்துக்கட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். கிறிஸ்மஸுக்கு முதல் நாள் பின்னேரம் வேலைசெய்பவர்கள் நாங்கள் சேர்ந்து அதை நாடகமாகப் போடுவோம். கிழவர்களும் கிழவிகளும் மடியில் போர்வையும் கையில் ஒரு மிடறு ஷெரி வைனுமாக இருந்து பார்த்து, கொன்றது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிப்பவருக்கு ஒரு டின் பிஸ்கட்.

கதை எப்போதும் விக்டோரியா மகாராணி காலத்தில்தான் நடக்கும். ஒரு சின்னக் கிராமம், வெளியே பனி, உள்ளே கணகணவென்று நெருப்பு, ஒரு பணக்காரர், ஒரு பாதிரியார், ஒரு டாக்டர், ஒரு சமையற்காரி. நஞ்சு அநேகமாகப் புடிங்கில் இருக்கும். இரத்தம் சிந்துகிற கொலை மேட்ரனுக்குப் பிடிக்காது, கம்பளம் பாழாகிவிடுமாம். செத்தவருக்காக யாரும் ஒரு நிமிஷத்துக்கு மேல் அழுததை நான் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்த கையோடு துப்பறிய இறங்கிவிடுவார்கள். ஒரு பிணம் கிடைத்தால் இப்படியும் குதூகலமா என்று முதல் வருஷம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் விட்டுவிட்டு வந்த ஊரில் அப்போது சந்திக்குச் சந்தி பிணம் கிடந்தது. யார் கொன்றது என்று அங்கே ஒருவரும் வாய் திறப்பதில்லை. திறந்தவர் அடுத்த சந்தியில் கிடப்பார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது எண்பத்தாறில். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஏஜென்ட் முதலில் ஒருவரைத்தான் அனுப்பலாம் என்றான், பின்னால் வருகிறேன் என்று சொல்லி என் கணவர் என்னை விமானம் ஏற்றிவிட்டார். சட்டனில் இருந்த அவருடைய அக்கா, என் மச்சாள், என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் இராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். முகத்தில் சாக்குப்பையை மாட்டிய ஒருவனை ஜீப்பில் இருத்தி, ஊர் ஆண்களை அவன் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிடுவார்கள். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். தலையாட்டி என்றுதான் அவனுக்குப் பெயர். என் கணவர் நடந்தபோது சாக்குப்பை ஆடியது. முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அவர் இருக்கிறாரா, இல்லையா? எனக்கு வேறு கேள்வியே இருக்கவில்லை. காலையில் அதனோடு எழும்புவேன், கிழவர்களைக் குளிப்பாட்டும்போதும் அதுதான் உள்ளே ஓடும். இருட்டறையில் கம்பளியில்லாமல் குந்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் குளிரில் ஹீட்டர் போடாமல் படுத்த நாட்கள் உண்டு. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் செய்தேன்.

இல்லை என்று சொல்ல ஆள் இல்லாதவரை நான் சுமங்கலி. தாலி யூனிபோர்முக்குள் இருக்கும், பொட்டு நெற்றியில் இருக்கும். ஒட்டுப் பொட்டுகளை அப்டன் பார்க் கடைகளில் மச்சாள்தான் அட்டை அட்டையாக வாங்கி வருவார். காலையில் நான் வாசலைத் தாண்டுமுன் அவருடைய கண் என் நெற்றிக்குப் போகும். அவசரத்தில் மறந்து இறங்கினால், பின்னாலேயே செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து ஒட்டிவிட்டுத்தான் விடுவார். தம்பி மேல் அவ்வளவு நம்பிக்கை என்று எனக்கு மனம் உருகும்.

இனி அந்த வருஷத்துக் கொலை. அது தொண்ணூற்று மூன்று. செத்துப்போக இருந்த பணக்காரர் ஒரு காலத்தில் இலங்கையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்தவர் என்று மேட்ரன் எழுதியிருந்தார். அவருடைய மனைவியாக வரவேண்டிய ஐரிஷ்காரத் தாதிக்கு நாலு நாள் இருக்கும்போது காய்ச்சல். மேட்ரன் என்னை மேலும் கீழும் பார்த்தார். தோட்ட முதலாளி அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார் என்று வைத்தால் போயிற்று என்றார். நான்தான் அந்த விதவை. நான்தான் கொலைகாரியும்.

ஒத்திகையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிழைவிட்டேன். போலீஸ்காரர் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, “அம்மணி, ஒரு துக்கமான செய்தி” என்பார். நான் உடனே, “யார்? யாருக்கு என்ன?” என்று பதறுவேன். மேட்ரன் கையைத் தட்டி நிறுத்தினார்.

“நீ கேட்கவே கூடாது. யார் செத்தது என்று அவன் இன்னும் சொல்லவில்லை, பார். ஆனால் நீ நேரே அழத் தொடங்குகிறாய். ஏன்? உனக்கு ஏற்கனவே தெரியும். அதுதான் துப்பு.”

சொல்வது விளங்கியது, செய்வதுதான் வரவில்லை. துக்கச் செய்தி என்று ஒருவர் வாசலில் நின்றால் எங்களுக்கு வாய் தன்பாட்டில் கேட்டுவிடும். ஆறு வருஷமாகத் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் நான் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துப் பழகினேன்.

நாடகத்தன்று மேட்ரன் கழுத்துவரை மூடிய கறுப்புச் சட்டையைக் கொண்டுவந்தார். தாலி அதற்குள் போய்விட்டது. பிறகு என் நெற்றியைப் பார்த்து, விக்டோரியா காலத்து விதவைக்குச் சிவப்புப் புள்ளி கிடையாதே என்றார். நான் பொட்டை உரித்து வேலையாட்கள் அறைக் கண்ணாடியில் ஒட்டினேன். எல்லாப் பெண்களும் இரவில் செய்கிற காரியம்தான், ஆனால் பகலில், ஆட்கள் பார்க்க, செய்தது கிடையாது. கண்ணாடியில் பொட்டு ஓரிடத்திலும் என் முகம் ஓரிடத்திலும் இருந்தன. இது வேஷமடி, வாயை மூடிக்கொண்டு போ என்று என்னை நானே அதட்டிக்கொண்டு போனேன்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். நான் கேட்கவில்லை. அழத் தொடங்கினேன், தொடங்கியதை நிறுத்த முடியவில்லை. பாதிரியார் வேஷம் போட்டிருந்த சமையற்காரர் தன் பேச்சை மறந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழவிகள் கைதட்டினார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு முன்னாள் பள்ளிக்கூட ஆசிரியை மட்டும், “அவள்தான், அவள் யாரென்று கேட்கவில்லை” என்று உரத்த குரலில் சொல்லி டின்னைத் தட்டிக்கொண்டு போனார்.

முடிந்ததும் சட்டையை மாற்றி என் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். கிறிஸ்மஸுக்கு முதல் நாள் பஸ் நேரத்தோடு நின்றுவிடும். வாசலில் ஒரு கிழவியின் மகளை ஏற்றிப்போக ஸ்ட்ரெதத்திலிருந்து மினிகாப் என்கிற வாடகைக் கார் வந்து நின்றது. ஓட்டுபவர் எங்கள் ஊர் அண்ணை, மச்சாள் வீட்டுக்கு வந்து போகிறவர். என்னைக் கண்டதும் கதவைத் திறந்து இறங்கினார். என் முகத்தைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

“நான்… பிறகு வாறன் தங்கச்சி,” என்றார்.

என்ன இவர் ஒரு மாதிரி என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ்ஸில் இருந்து நெற்றியைத் தடவும்போதுதான் பொட்டைக் கண்ணாடியிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. மச்சாளிடம் யார் பேச்சு வாங்குவது? கைப்பையில் கிடந்த அட்டையிலிருந்து ஒன்றை ஒட்டிக்கொண்டு ஒன்றும் நடக்காதவள்போல வீட்டுக்குள் போனேன்.

நல்லதுக்குச் சொன்னால் போக வேண்டும், கெட்டதுக்குச் சொல்லாமலே போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். செத்த வீட்டுக்கு அழைப்பு வராது, போய்க் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு போவதும் மரியாதையில்லை. காதில் விழுந்தால் கிளம்பிவிட வேண்டும். அதோடு கிறிஸ்மஸ் நாளில்தான் லண்டனில் எங்கள் சனத்தில் முக்கால்வாசிக்கு லீவு. பஸ்ஸும் ரயிலும் ஓடாது, கார் உள்ளவர்கள் இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

வந்தார்கள். மத்தியானம் நானும் மச்சாளும் ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சிக்கொண்டிருந்தோம். மணி அடித்தது. கதவைத் திறந்தேன். மினிகாப் அண்ணையின் மனைவி என்னைப் பார்க்கக்கூட இல்லை, அப்படியே கட்டிப்பிடித்து, “ஐயோ என்ர பிள்ளை, கடவுளுக்குக் கண்ணில்லையே!” என்று ஓலமிட்டார். அவருக்குப் பின்னால் படியிலும் தெருவிலும் தெரிந்த முகங்கள். சோற்றுச் சட்டியைத் துணியால் சுற்றிப் பிடித்தபடி இரண்டு பெண்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

“ஆர்? ஆருக்கு என்ன? மாமிக்கு ஏதுமோ?” என்று நான் கத்தினேன். மாமி என்றால் என் கணவரின் அம்மா. அவர் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்.

கட்டிப்பிடித்தவரின் அழுகை அந்தரத்தில் நின்றது. சத்தம் கேட்டு மச்சாள் குசினியிலிருந்து அகப்பையோடு வந்தார். வாசலைப் பார்த்தார். சோற்றுச் சட்டிகளைப் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டு வந்தது, அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

யார் செத்தது என்று மச்சாள் கேட்கவில்லை.

கொழும்பில் இருப்பது அவரைப் பெற்ற தாய். தெரியாதவராயிருந்தால் என்னைத் தள்ளிவிட்டு வந்து முதலில் கேட்டிருக்க வேண்டியவர் அவர்தான். மேட்ரன் கையைத் தட்டியது என் காதுக்குள் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

கூட்டத்தில் கடைசியாக ஊர்ப் பெரியையா ஏறி வந்தார். எங்கள் வீட்டுக்கு நாலு வளவு தள்ளி இருந்தவர், தொண்ணூறில் லண்டன் வந்தவர், வந்தும் ஒருநாள்கூட எங்கள் வீட்டு வாசலை மிதியாதவர். மூச்சு வாங்கிக்கொண்டு, நடந்தது ஒன்றும் தெரியாமல் மச்சாளிடம் போனார்.

“நல்லது பிள்ளை. இப்பவெண்டாலும் சொல்லிப்போட்டாய். இந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாக்க ஏலாமல்தான் நான் இந்தப் பக்கம் வாறேல்லை. என்ர கண்ணாலை கண்டதை எத்தினை நாளைக்கு மறைக்கிறது?”

மினிகாப் அண்ணை தடுமாறினார். “தங்கச்சி, நேற்று உம்மைப் பொட்டில்லாமல், கறுப்போடை, அழுத முகமாய்க் கண்டனான். அதுதான்…”

“அது நாடகம் அண்ணை,” என்றேன்.

குசினியில் கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. ஒரு பெண் போய் அடுப்பை அணைத்தார்.

பிறகு எல்லாரும் முன்னறையில் இருந்தார்கள். கதிரை போதாமல் கம்பளத்தில் இருந்தார்கள். மேட்ரனின் நாடகத்திலும் முடிவில் எல்லாரையும் இப்படி ஓர் அறைக்குள் கூட்டி வைத்துத்தான் உண்மையைச் சொல்வார்கள். பெரியையா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முகாம் என்ற பேச்சே பொய். பிடித்த அன்று பின்னேரமே சந்தியில் இறக்கி, பூட்டிக்கிடந்த கடைச் சுவரோடு நிறுத்திச் சுட்டுவிட்டார்கள். ஐந்து பேர். கார் ரயர் போட்டு எரித்தார்கள். பெரியையா வேலிக்குள்ளால் பார்த்திருக்கிறார். என் கணவர் நீலச் சாரம் கட்டியிருந்தாராம். அந்தச் சாரம் எனக்குத் தெரியும், கல்யாணத்துக்குப் பிறகு நான் வாங்கிக் கொடுத்தது. ஆறு வருஷமாக நான் குளிரில் கிடந்து நினைத்த இருட்டறையில் யாருமே இருந்ததில்லை. நான் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது ஒரு பிடி சாம்பலுக்கு.

நான் அழவில்லை. அழுகையை முதல் நாளே கிழவிகளுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டேன்போல. எனக்கு வந்தது கோபம். இந்த அறையில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பார்த்த முகமெல்லாம் குனிந்தது. கோயிலில் என்னைக் கண்டால் தலையைத் தடவி, வருவான் பிள்ளை, வருவான் என்று சொன்ன முகங்கள்.

“தலையாட்டினது ஆர்?” என்று கேட்டேன்.

சாக்குப்பைக்குள் இருந்தாலும் ஊருக்கு ஆளைத் தெரியும். காலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பெரியையா காஸ் ஹீட்டரின் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதைத் தெரிஞ்சு இனி என்ன செய்யப்போறாய் பிள்ளை? அவனுக்கும் தாய் தேப்பன் இருக்கு,” என்றார் கடைசியில்.

மற்றவர்கள் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார்கள். எங்கள் கதையில் துப்பறிகிறவர் இல்லை. கொண்டுவந்த சோறு ஆறிப்போய் அப்படியே கிடந்தது. ஒரு வயதான அம்மா மட்டும் போகும்போது என் நெற்றியைத் தொட்டு, “உடனை எடுக்க வேண்டாம். எட்டுச் செலவு மட்டும் இருக்கட்டும்,” என்றார். எட்டாம் நாள் படையல்வரை வைத்திருக்கலாம் என்று அர்த்தம். ஆறு வருஷத்துக்கு முந்திய சாவுக்கு எந்த எட்டாம் நாள் என்று நான் கேட்கவில்லை.

எல்லாரும் போனபின் குசினியில் சட்டிகளை அடுக்கினோம். துப்பெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக எனக்குத் தெரிந்தது. கோயிலில் அர்ச்சனை செய்ய மச்சாள் எங்கள் எல்லாருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயருக்குச் சொல்வார், பெரியையா வந்த வருஷத்திலிருந்து தம்பியின் கேட்டை நட்சத்திரத்தைச் சொல்வதை விட்டுவிட்டார். நான் கேட்டதற்கு, குடும்பம் என்றால் எல்லாரும் அடக்கம்தானே என்றார். அர்ச்சனை உயிரோடு இருப்பவருக்கு. அதே வருஷத்திலிருந்து வைகாசியில் ஒருநாள் மரக்கறி சமைத்து, பாகற்காயும் உழுந்து வடையும் வைத்து, தோட்டத்தில் காகத்துக்குச் சோறு போடுவார். அப்பாவின் திவசம் என்றார். மாமனாரின் திவசம் மாசியில் என்பது எனக்குத் தெரியும், பாகற்காய்க்கு உயிரை விடுபவர் யார் என்பதும் தெரியும். தெரிந்தும் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

“ஏன் மச்சாள்?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினார். “அம்மா அவன் வருவான் எண்டுதான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறா. நீர் பொட்டை எடுத்தா அந்தக் கதை அந்தக் கிழமையே கொழும்புக்குப் போயிடும். கேட்ட அண்டைக்கே மனிசி செத்துப்போம்.” பிறகு குழாயை மூடினார். “அதோடை… நீர் பொட்டோடை நிண்டா எனக்கு அவன் இருக்கிறமாதிரி இருந்தது. உம்மிலைதான் நான் அவனை வைச்சிருந்தனான்.”

இந்த மனுஷியை அடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டு அழுதேன். இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர் என்று திரும்பத் திரும்பக் கெஞ்சினார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த நாள் கொழும்புக்குத் தொலைபேசி எடுக்கிற முறை. லொட்ஜின் கீழே உள்ள கடைக்கு எடுத்தால் மாமியைக் கூப்பிட்டுவிடுவார்கள். மாமி என்னிடம் கேட்கிற முதல் கேள்வி ஆறு வருஷமாக ஒன்றுதான்: “அவன்ர பாடு ஏதும் தெரிஞ்சுதோ?” அதற்குச் சொல்ல வேண்டிய பதிலைக் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். மச்சாள் முதலில் பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் தந்தார், பக்கத்திலேயே நின்றார்.

“மாமி,” என்றேன்.

எனக்கு ஒரு விம்மல் வெடித்துவிட்டது. போச்சு, கேட்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மாமி என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஏன் பிள்ளை அழுகிறாய் என்று கேட்கவில்லை. வழக்கமான அந்தக் கேள்வியையும் கேட்கவில்லை. நான் அழுது முடிக்கும்வரை இருந்தார்.

“பொட்டு வைச்சிருக்கிறியோ பிள்ளை?” என்றார் பிறகு.

“ஓம் மாமி.”

“வை. நான் கண் மூடுமட்டும் வை. உன்ர மச்சாளுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை. அவள் தாங்கமாட்டாள்.”

அவருக்கு எப்போது தெரியும், யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரிசீவரை வைத்தேன். மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா என்ன கேட்டவ?” என்றார்.

“வழக்கமாக் கேக்கிறதைத்தான் கேட்டவ,” என்றேன்.

மச்சாள் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார், கடவுளுக்கு நன்றி சொன்னார்.

மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். வேலையாட்கள் அறைக் கண்ணாடியில் என் பொட்டு ஒட்டியபடியே இருந்தது, யாரும் துடைக்கவில்லை. வீட்டிலிருந்து வரும்போது அன்றைக்கு நான் பொட்டு வைக்கவில்லை, மச்சாளும் ஓடி வந்து ஒட்டவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அதை உரித்து நெற்றியில் வைத்தேன். பசை போயிருந்தது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.